பன்னிரண்டரைக்கு வாருங்கள்... கப்பல் காத்திருக்கும்!

சனிக்கிழமை பொழுது விடிவதற்குள் மயாமி துறைமுகத்தின் டெர்மினல் ‘ஏ’யை ஒட்டி வந்து நின்றுவிடுகிறது ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’. 365 மீட்டர் நீளம், 20 தளங்கள், 2,805 கேபின்கள். கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்தாலே 5,610 பயணிகள். கூடுதல் படுக்கைகளும் நிரம்பினால் 7,600 பேர் வரை ஏறலாம். கரீபியன் தீவுகளில் ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்தவர்கள் காலையில் இறங்கியாக வேண்டும். அன்று மாலையே, கிட்டத்தட்ட அதே அளவு புதுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பியாக வேண்டும். இடையில் கிடைப்பது எட்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்பது.

ஒரு சின்ன ஊரையே காலி செய்து, கூட்டிப் பெருக்கி, படுக்கை விரித்து, மறுபடி குடியேற்றும் வேலை இது. வாரம் தவறாமல் நடக்கிறது. நடக்க முடிவதற்கு முக்கியக் காரணம், பயணியின் செல்போனில் இருக்கும் ஒரே ஒரு வரி: ‘துறைமுகத்துக்கு வரவேண்டிய நேரம்: 12.30 முதல் 1.00 வரை.’

கப்பலில் ஏறுவதற்கு ஆளுக்கொரு நேரம் குறித்துக் கொடுக்கும் இந்த ஏற்பாடு இன்று உலகின் பெரிய பயணக் கப்பல் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் வழக்கமாகிவிட்டது. ராயல் கரீபியன், கார்னிவல், டிஸ்னி என்று யாரிடம் டிக்கெட் எடுத்தாலும், கிளம்பும் நாளுக்குச் சில வாரங்கள் முன்பு ஆன்லைன் செக்-இன் திறக்கும். பாஸ்போர்ட் விவரத்தையும் புகைப்படத்தையும் ஏற்றி, மிச்சம் இருக்கும் நேரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத் துண்டுகள். நல்ல நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

இதை வெறும் கெடுபிடியாக நினைக்கும் பயணிகள் நிறைய. லட்சக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, உள்ளே நுழைய இன்னொருவர் நேரம் சொல்வதா என்ற கோபம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்தக் கோபம் கொஞ்சம் தணியும்.

6,000 பேர் ஏற வேண்டும், காலை 10.30 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை வாசல் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலரை மணி நேரம். மணிக்கு சுமார் 1,330 பேர், நிமிடத்துக்கு 22 பேர் வீதம் பாதுகாப்புச் சோதனையையும் ஆவணச் சரிபார்ப்பையும் தாண்டி உள்ளே போனால் யாருக்கும் பெரிய காத்திருப்பு இருக்காது. ஆனால், ‘முதல் ஆளாகப் போய்விடலாம்’ என்று பாதிப் பேர் 10.30க்கும் 11.30க்கும் நடுவில் வந்து குவிந்தால்? அந்த ஒரு மணி நேரத்தில் வாசல் விழுங்கக்கூடியது 1,330 பேரைத்தான். 11.30 மணிக்கு 1,670 பேர் வெளியே நிற்பார்கள். அதற்குப் பிறகு ஒருவர்கூட வராமல் இருந்தாலும், அந்த வரிசை கரைய இன்னும் ஒன்றே கால் மணி நேரம் ஆகும். கடைசி ஆள் எப்படியும் 12.45க்குத்தான் உள்ளே போவார். ஹோட்டலில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 12.45க்கே வந்திருக்கலாம். ஃபுளோரிடா வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

இந்த உண்மையை ஒரு கோட்பாடாக எழுதியவர் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி. 1969இல் அவர் எழுதிய கட்டுரையின் பொருள் சாலை நெரிசல். ஒரு பாலம் மணிக்கு இவ்வளவு வாகனங்களைத்தான் விடும் என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் வரும்போது உண்டாகும் காத்திருப்பால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. வருகையைப் பரப்பிவிட்டால் பாலத்தை அகலப்படுத்தாமலே வரிசை மறைந்துவிடும் என்று அவர் காட்டினார். 1996இல் அவருக்குப் பொருளாதார நோபல் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவர் சொன்ன மருந்து, நேரத்துக்கு ஏற்ப மாறும் கட்டணம். கப்பல் நிறுவனங்கள் அதே பலனைக் காசு வாங்காமல், நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தே எட்டிப்பிடித்தன. பிறகு காசும் வாங்கத் தொடங்கின. அந்தக் கதைக்குப் பின்னால் வருவோம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. திருப்பதியில் 300 ரூபாய் தரிசன டிக்கெட்டில் நேரம் அச்சிட்டிருப்பதும் இதற்காகத்தான்.

சரி, நாலரை மணி நேரம்தான் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? காலை எட்டு மணிக்கே வாசலைத் திறந்தால் என்ன? அங்கேதான் பயணியின் கண்ணில் படாத இன்னொரு பாதி இருக்கிறது.

ஏழு மணி வாக்கில் பழைய பயணிகள் இறங்கத் தொடங்குகிறார்கள். அவர்களுக்கும் நேரம் உண்டு. லக்கேஜில் கட்டிய அட்டையின் நிறம் அல்லது எண்ணை அழைத்த பிறகே இறங்கலாம். ஒவ்வொருவரும் அமெரிக்கக் குடிநுழைவு, சுங்க அதிகாரிகளைக் கடந்து போக வேண்டும். இறங்க வேண்டியவர்களில் கடைசி ஆளும் இறங்கினார் என்று கணக்கு நேராகும்வரை புதியவர்களை ஏற்றாமல் இருப்பது அமெரிக்கத் துறைமுகங்களின் நடைமுறை. எங்கோ ஒரு கேபினில் ஒருவர் தூங்கிப்போய்விட்டால், அவரது பெயரை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அழைப்பார்கள். வெளியே ஆயிரம் பேர் நிற்கலாம். அந்த ஒருவருக்காக வாசல் திறக்காது.

அதற்குள் கேபின்களில் போர் நடந்துகொண்டிருக்கும். ஒரு ஸ்டூவர்டுக்குப் பத்துப் பதினைந்து கேபின்களுக்குக் குறையாத பொறுப்பு. படுக்கை விரிப்பை உருவி, தலையணை உறையைக் கழற்றி, துண்டுகளைச் சுருட்டித் தாழ்வாரத்தில் மூட்டையாகத் தள்ள வேண்டும். குளியலறைக் கண்ணாடியில் பற்பசைத் துளி, கட்டிலுக்கு அடியில் குழந்தை விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, மேசை இழுப்பறையில் யாரோ மறந்த மருந்துப் பட்டை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இரண்டு பேர் படுத்த அறையில் இந்த வாரம் நான்கு பேர் என்றால், சுவரில் மடித்திருக்கும் கட்டிலை இறக்கி விரிக்க வேண்டும். முதல் பயணி கப்பலில் கால் வைக்கும்போது இந்த வேலை பாதிகூட முடிந்திருக்காது. கேபின் கதவுகள் மதியம் ஒரு மணியை ஒட்டித்தான் திறக்கும். அதுவரை ஏறியவர்கள் பஃபேயிலும் நீச்சல் குளத்தருகிலும் கைப்பையோடு அமர்ந்திருப்பார்கள்.

கீழே, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, கப்பலின் பக்கவாட்டுக் கதவுகள் திறந்திருக்கும். ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் காய்கறி, இறைச்சி, முட்டை, குடிபானங்களை மரப்பலகை அடுக்குகளாக உள்ளே தள்ளும். அதே வழிகளில் புதிய பயணிகளின் பெட்டிகளும் கூண்டு கூண்டாக ஏறும். டெர்மினல் வாசலில் போர்ட்டர் வாங்கிக்கொள்ளும் பெட்டி எக்ஸ்ரே சோதனைக்குப் போய், தளவாரியாகப் பிரிந்து, கேபின் வாசலுக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். அனுபவசாலிகள் மாத்திரையையும் பாஸ்போர்ட்டையும் மாற்றுத் துணியையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்வது அதனால்தான். ஒரே நேரத்தில் வந்து குவியும் கூட்டம் தன் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் குவிக்கும். நேரம் பிரித்துக் கொடுத்தால் மனிதர்களோடு சேர்ந்து பெட்டிகளும் சீராக வரும்.

அந்த அரை மணி நேரத் துண்டின் மறுமுனையில் கேபின் துடைப்பவர், போர்ட்டர், சுங்க அதிகாரி, சக்கர நாற்காலி தள்ளுபவர் என்று ஒரு படையே இருக்கிறது. பயணக் கப்பல்களின் ஊழியர்களில் இந்தியர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். பத்தரை மணிக்கு முண்டியடிக்கும் கூட்டத்தின் சுமை அவர்கள் தோளில்தான் முதலில் இறங்கும்.

கூட்டத்தைப் பிரித்து ஏற்றும் பழக்கம் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1912 ஏப்ரல் 10 அன்று சவுதாம்ப்டனிலிருந்து டைட்டானிக் நண்பகலில் புறப்பட்டது. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பயணிகள் லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயிலில் காலை ஒன்பதரை மணி வாக்கிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். முதல் வகுப்புக்காரர்களின் தனி ரயில் வந்தது பதினொன்றரைக்கு. மூன்றாம் வகுப்பினரை அமெரிக்கக் குடிநுழைவு விதிகளுக்காக மருத்துவர் பார்த்தாக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ரயில் அட்டவணையே அன்று நேர ஒதுக்கீடாக இருந்தது. அதைத் தீர்மானித்தது பயணியின் வகுப்பு.

மயாமிக்குத் திரும்புவோம். துறைமுகம் இருப்பது டாட்ஜ் தீவில். பல ஆண்டுகளாக அந்தத் தீவுக்குள் நுழைய நகர மையத்தின் வழியே வரும் பாலம்தான் கதி. கன்டெய்னர் லாரி, டாக்ஸி, பஸ் என்று நாளொன்றுக்குச் சுமார் 16,000 வாகனங்கள் அதில்தான் போய்வந்தன. கப்பல் கால்வாய்க்கு அடியில் குடைந்த சுரங்கச்சாலை 2014 ஆகஸ்டில் திறந்த பிறகே மூச்சு விட முடிந்தது. கப்பல்கள் அதைவிட வேகமாகப் பெருத்தன. ராயல் கரீபியன் 2018 நவம்பரில் டெர்மினல் ‘ஏ’யைத் திறந்தது. 2025இல் எம்எஸ்சி நிறுவனம் ஒரே நேரத்தில் மூன்று பெரிய கப்பல்களைக் கையாளும் டெர்மினலைத் திறந்தது. அதன் கொள்திறன் நாளொன்றுக்கு 36,000 பயணிகள். 2024 நிதியாண்டில் மட்டும் மயாமி வழியே போய்வந்த பயணிகள் 82 லட்சத்துக்கும் மேல். உலகம் முழுவதும் அந்த ஆண்டு கப்பல் சுற்றுலா போனவர்கள் 3.46 கோடிப் பேர் என்கிறது கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம். கட்டடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். தீவின் சாலையை அப்படிப் பெரிதாக்க முடியாது.

கோவிடுக்கு முன்பும் வருகை நேரம் குறித்துக் கொடுத்த நிறுவனங்கள் உண்டு. அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. எல்லாவற்றையும் மாற்றியது 2020 பிப்ரவரி. ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ தனிமைப்படுத்தப்பட்டு நின்றது. 3,711 பேர் இருந்த கப்பலில் 712 பேருக்குத் தொற்று. இந்திய ஊழியர்கள் 132 பேர் அதில் இருந்தார்கள். தமிழர்களும் சிக்கியிருந்ததால் நம் வீடுகளில் அந்தச் செய்தியைப் பதைப்போடு பார்த்தோம். மார்ச் 14இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கப்பல் பயணங்களுக்குத் தடை போட்டது. 2021 ஜூன் 26 அன்று ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து ‘செலிப்ரிட்டி எட்ஜ்’ கிளம்பியபோதுதான் அமெரிக்காவில் பயணிகளோடு கப்பல்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கின. தள்ளி நிற்க வேண்டும், கூட்டம் கூடக் கூடாது என்ற நிலையில், ஆளுக்கொரு நேரம் என்பது தட்ட முடியாத நிபந்தனையானது. கிருமி பயம் போன பிறகும் நிறுவனங்கள் அதைக் கைவிடவில்லை. அது எவ்வளவு வசதி என்று கண்டுகொண்டிருந்தார்கள்.

இன்னொரு மாற்றமும் கூடவே வந்தது. அது உயிர் சம்பந்தப்பட்டது.

2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே ‘கோஸ்டா கன்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் ஒரே துறைமுகத்தில் ஆள் ஏற்றுவதில்லை. வழியில் பல துறைமுகங்களில் ஏற்றிக்கொண்டே போகும். அன்று மாலை சிவிடவெக்கியாவில் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஆபத்துக் காலப் பயிற்சி அதுவரை தரப்படவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் தந்தால் போதும் என்பதே அப்போதைய சர்வதேச விதி. எந்தப் படகுக்கு ஓட வேண்டும் என்று தெரியாத மனிதர்கள் இருட்டில் தடுமாறினார்கள். அதன் பிறகு விதி மாறியது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சியை முடித்தாக வேண்டும்.

விளைவு, மாலை நான்கு மணிக்கு ஆயிரக்கணக்கானவர்களைத் தளத்தில் வரிசையாக நிறுத்தி விளக்கும் காட்சி. முதியவர்களுக்கு அது பெரும்பாடு. 2020 ஜூலையில் ராயல் கரீபியன் வேறு வழி சொன்னது: பாதுகாப்பு வீடியோவைச் செல்போனிலோ கேபின் டிவியிலோ பார்த்துவிட்டு, தனக்குரிய இடத்துக்கு நேரில் போய் ஊழியரிடம் பதிவு செய்துகொண்டால் போதும். மற்ற நிறுவனங்களும் இதே வழிக்கு வந்தன. வருகை பிரிந்திருப்பதால்தான் இதுவும் நடக்கிறது. பதினொரு மணிக்கு ஏறியவர் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவார், இரண்டு மணிக்கு ஏறியவர் மூன்றுக்குள். ஊழியருக்கு ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, லைஃப் ஜாக்கெட் அணியும் முறையைக் காட்ட அவகாசம் கிடைக்கிறது. நேர ஒதுக்கீட்டை ஆதரிக்க இந்த ஒரு காரணமே போதும்.

சக்கர நாற்காலிப் பயணிகள் விஷயத்திலும் இதே நியாயம். உதவியாளர்கள் எண்ணிக்கை எப்போதும் குறைவு. ஐம்பது பேர் ஒரே மணி நேரத்தில் வந்தால் கடைசியாக வருபவர் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். அதே ஐம்பது பேர் நான்கு மணி நேரத்தில் பரவி வந்தால் அதே உதவியாளர்களே எல்லோரையும் கவனிக்க முடியும்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை மக்கள் ஏன் மீறுகிறார்கள்? ஹோட்டல் அறையைப் பதினொரு மணிக்குக் காலி செய்தாக வேண்டும். விமானம் காலை எட்டு மணிக்கே இறங்கிவிடுகிறது. மதியச் சாப்பாடு கட்டணத்திலேயே அடக்கம். தாமதமாக ஏறினால் அதை இழக்கிறோம் என்ற எண்ணம் வேறு. இவை எல்லாமே நியாயமான காரணங்கள். சில துறைமுகங்களில் முன்கூட்டி வருபவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். சில இடங்களில் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளாத இடத்தில்தான் அநியாயம் நடக்கிறது. சொன்ன நேரத்துக்கு வந்த குடும்பம், ஒரு மணி நேரம் முந்தி வந்தவர்களின் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை அவர்களும் முந்துவார்கள். விதியை வைத்துக்கொண்டு கடைப்பிடிக்காமல் விடுவது, விதியே இல்லாததைவிட மோசம்.

தாமதமாக வருபவருக்கோ மன்னிப்பே இல்லை. பயணிகளின் இறுதிப் பட்டியலை, கப்பல் கிளம்புவதற்கு 60 நிமிடங்களுக்கு முன்பாவது அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறைக்கு நிறுவனங்கள் அனுப்பியாக வேண்டும். அதனால் புறப்பாட்டுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிடும். கண்ணெதிரே கப்பல் நின்றாலும் ஏற முடியாது.

எல்லாமே தவிடுபொடியாகும் நாட்களும் உண்டு. டெக்சாஸின் கால்வெஸ்டனில் குளிர்காலக் கடல் மூடுபனி இறங்கினால் கால்வாய் மூடப்படும். கப்பல் நங்கூரமிட்டு வெளியே நிற்கும். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ் வந்துவிட்டால் கைப்பிடிகளிலிருந்து லிஃப்ட் பொத்தான்வரை கிருமிநாசினி போட்டுத் துடைக்காமல் யாரையும் ஏற்ற முடியாது. 2014 ஜனவரியில் ‘எக்ஸ்புளோரர் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் 600 பயணிகளுக்கும் மேல் நோயுற்று, பயணத்தைப் பாதியில் முடித்து நியூஜெர்சி திரும்ப நேர்ந்தது. அப்படிப்பட்ட நாளில், ‘உங்கள் நேரம் மாறியிருக்கிறது, ஹோட்டலிலேயே இருங்கள்’ என்று செல்போனில் வரும் செய்தியின் மதிப்பு, அதைப் பெறாமல் கிளம்பி வந்து நடைபாதையில் குழந்தைகளோடு உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

காசு விஷயத்துக்கு வருவோம். கார்னிவலில் ‘ஃபாஸ்டர் டு தி ஃபன்’, ராயல் கரீபியனில் ‘தி கீ’ என்று கூடுதல் கட்டணத் திட்டங்கள் இருக்கின்றன. வாங்கினால் ஏறுவதில் முன்னுரிமை கிடைக்கும். பழைய வாடிக்கையாளர்களுக்கும் சலுகை உண்டு. டிஸ்னியில் முதல்முறை பயணிப்பவருக்குச் செக்-இன் திறப்பது 30 நாட்களுக்கு முன்பு. அதிகமுறை பயணித்த உயர்நிலை உறுப்பினருக்கு 40 நாட்களுக்கு முன்பு. புதியவர் கணினியைத் திறக்கும்போது காலை நேரங்கள் பறிபோயிருக்கக்கூடும்.

விக்ரியின் பாதையில் வரும் பொருளாதாரக்காரர்கள் இதில் தவறில்லை என்பார்கள். அவசரம் உள்ளவர் காசு கொடுக்கட்டும், மற்றவர்கள் பொறுமையாக வரட்டும். சாலைக்கு அது பொருந்தலாம். கப்பலில் எல்லோரும் ஏற்கெனவே முழுக் கட்டணம் செலுத்தியவர்கள். நெரிசலைக் குறைக்க வந்த ஏற்பாட்டின் நல்ல பகுதியைத் தனியே வெட்டி விற்பது டைட்டானிக் காலத்து வகுப்புப் பிரிவினையை வேறு பெயரில் திரும்பக் கொண்டுவரும். முன்னுரிமை யாருக்காவது தரவேண்டும் என்றால் முழங்கால் வலியோடு வரும் எழுபது வயதுக்காரருக்கும், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும், நள்ளிரவு விமானத்தில் வந்து சேர்ந்தவருக்கும் கட்டணமில்லாமல் தரட்டும்.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு தொடர்பு இருக்கிறது. 2022 ஜூன் மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த கார்டீலியா சொகுசுக் கப்பலின் பெயர் ‘எம்ப்ரஸ்’. 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் ராயல் கரீபியனுக்காகக் கட்டப்பட்டு, மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாள், நான்கு நாள் பயணங்களாக ஓடிய அதே கப்பல்தான் அது. கொள்ளளவில் ஐகானில் ஐந்தில் ஒரு பங்கு. 2023இல் சென்னைப் பயணிகளோடு யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் போய்வந்தது. மும்பையில் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்ட சர்வதேசப் பயணக் கப்பல் டெர்மினல், ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகளைக் கையாளும் திட்டத்தோடும் செக்-இன், குடிநுழைவுப் பணிகளுக்கு 72 கவுன்ட்டர்களோடும் நிற்கிறது.

கவுன்ட்டர்கள் இருந்தால் மட்டும் போதாது. எந்த மணிக்கு எத்தனை பேர் அவற்றின் முன் வந்து நிற்பார்கள் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் கப்பல் நிறுவனம், துறைமுகம், குடிநுழைவுத் துறை, மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை ஆகிய நான்கு தரப்பினரும். லாரிகள் நெருக்கும் ராஜாஜி சாலையைத் தாண்டித்தான் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைய முடியும் என்பதால், போக்குவரத்துக் காவல் துறையையும் சேர்த்து ஐந்து. அடுத்த பெரிய கப்பலின் தேதி குறிக்கும்போதே அந்த ஐவரும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். டிக்கெட்டில் நேரம் அச்சாக வேண்டும். மாறினால் தமிழிலும் குறுஞ்செய்தி போக வேண்டும். முந்தி வந்துவிட்டவர் உட்கார நிழலும் நாற்காலியும் குடிநீரும் வாசலிலேயே இருக்க வேண்டும்.